அழுத்தி எழுது

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உங்கள் அணையும் நலம்தானே?

உன் கடிதம் வந்தது. வந்து குத்தியது என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். பிரெயில் எழுதச் சொன்னால் பாறைக்கு வெடி வைக்கத் துளை போடுகிற மாதிரியா ஊசியை இறக்குவாய்? நான்கு தாளில் பதினேழு இடத்தில் ஓட்டை. புள்ளி மேடாக நிற்க வேண்டும், பொத்தலாகக் கூடாது. சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் பேசிக்கொள்ள என்னிடமிருந்து நீ களவாடிக்கொண்ட எழுத்து இது. திருடினவன் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா? அழுத்தாதே. மெதுவாக வை. விரலுக்குச் சேதி சொன்னால் போதும், அடி கொடுக்க வேண்டாம்.

எங்கள் அச்சகத்தில் கழுத்துவரை வேலை. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், பள்ளி திறப்பதற்குள் பிரெயிலில் வர வேண்டும். எங்கள் வேலை உனக்குத் தெரியும். மைனா அச்சுப் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிப்பாள், நான் பிரெயில் படியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து பிழை பிடிப்பேன். அவள் மூச்சு விடாமல் படிப்பதால்தான் அந்தப் பெயர். ஒரு புள்ளி கூடினால் நான்கு ஏழாகிவிடும் தம்பி. எங்கோ ஒரு குழந்தை ஏழு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு விடை வராமல் அழும். அந்தக் குழந்தைக்கு நான்தான் பொறுப்பு.

இன்னொரு சின்ன விஷயம். மழை விட்டதிலிருந்து மூட்டுகளில் வலி. காலையில் விரலை மடக்கினால் துருப்பிடித்த கீல் மாதிரி அடம் பிடிக்கிறது. இடது ஆள்காட்டி விரல் நுனி அவ்வப்போது தூங்கிவிடுகிறது. நான் படிப்பது அந்த விரலில் என்பதால் கோபம் வருகிறது. உதறினால் எழுந்துகொள்கிறது. வயசுதான், வேறென்ன. இதற்காக அந்த அலுவலக போனில் கூப்பிட்டுக் கத்தாதே, உங்கள் அணைக்கே கேட்டுவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

வணக்கம் போட்டால் சிரிப்பாய், அதனால் போடவில்லை. இங்கே மூன்று பேரும் நலம்: நான், அவள், அணை.

அணை நலமா என்று நீ கேலிக்குக் கேட்டாலும் எனக்கு அதைச் சொல்லத்தான் சம்பளம். அணைச் சுவருக்குள்ளே ஒரு நடைவழி இருக்கிறது, நூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். அங்கே நின்று சுவரில் கை வைத்தால் அந்தப் பக்கம் ஒரு ஏரியே நின்றுகொண்டிருக்கிறது என்ற நினைப்பில் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி தொங்குகிறது, நுனியில் எடை. அணை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அது காட்டும். ஆமாம், நகரும். நீர் நிறைந்தால் மூன்று நான்கு மில்லிமீட்டர் முன்னால் சாயும், வற்றினால் திரும்பி வந்துவிடும். இத்தனை பெரிய கான்கிரீட் மூச்சு விடுகிறது அக்கா. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

ஏழாம் எண் வடிகாலில் ஒரு கசிவு உண்டு. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. நான்கு தடவை பெரிய இன்ஜினியர்கள் வந்தார்கள், துளை போட்டார்கள், சாயம் கலந்து பார்த்தார்கள், கையை விரித்துவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் நான் அளந்து எழுதுகிறேன். அளக்கிறவரை பயமில்லை என்பது எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவர் கணக்கு.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். ஓட்டைத் தாளுக்குப் பத்து வரி திட்டியிருக்கிறாய். விரல் தூங்குவதற்கு மூன்று வரி. எனக்கும் எண்ணத் தெரியும். சின்ன வயதில் கரண்ட் போனால் நம் வீட்டில் எல்லோரும் அப்படி அப்படியே உட்கார்ந்துவிடுவோம், நீ மட்டும் விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டே இருப்பாய். தாளின் மேல் உன் விரல் போகும் சரசர சத்தம் கேட்கும். இந்த வீட்டில் இவளுக்கு மட்டும் கரண்டே போகாது போல என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் போ. போனேன் என்று பொய் எழுதாதே, நிஜமாகவே போ.

இனி புள்ளியைப் பூப்போல வைக்கிறேன். அடுத்த கடிதத்தில் ஓட்டை இருந்தால் என் காதைத் திருகலாம்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நலம் என்று தொடங்குவது முறை என்பதால் நலம். மற்றவை கீழே.

டாக்டரிடம் போனேன். ஒருவர் இல்லை, மூன்று பேர். எலும்பு டாக்டர் முட்டியைத் தட்டினார், விரலை வளைத்தார். "எலும்பெல்லாம் தங்கமா இருக்கும்மா" என்றார். "அப்ப வித்துட்டு வேற வாங்கிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. நரம்பு டாக்டர் கையில் ஒயர் ஒட்டிச் சின்னச் சின்ன ஷாக் கொடுத்தார். "சிக்னல் போகுது, கொஞ்சம் நிதானமா போகுது, ஆனா போகுது" என்றார். எட்டுக் குப்பி ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். நார்மல் என்று எழுதிய தாள்களை அடுக்கினால் ஒரு புத்தகமாகவே பைண்ட் பண்ணிவிடலாம்.

மூன்றாமவர் பெரிய டாக்டர். "பார்வை இல்லாதவங்களுக்கு மனசுல ஒரு பாரம் இருக்கும். அதுதான் உடம்புல இறங்குது" என்றார். "நாப்பத்தாறு வருஷமா இல்லாத பாரம் போன மழையிலதான் ஏறுச்சா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ வீராங்கனை என்று நினைத்துவிடுவாய்.

வலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். திங்கட்கிழமை வலது மணிக்கட்டில் இருந்தது செவ்வாய்க்கிழமை இடது கணுக்காலில் இருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் மாதிரி ஒரு சாமான் பாக்கி வைக்காமல் போய்விடுகிறது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறேன், வலி இருந்த சுவடே இல்லை. எந்த வழியாகப் போனது? யார் கதவைத் திறந்துவிட்டது? வலிக்கிறது, எரிச்சலாக இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனாலும் படுத்துக்கொண்டு அது எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். நாற்பத்தாறு வருஷமாகக் குடியிருக்கும் உடம்பில் நான் நுழையாத அறை இவ்வளவு இருக்கிறதே என்று மலைப்பாக இருக்கிறது.

விரல் மரத்துப்போவது மட்டும் ரொம்பக் குறைந்துவிட்டது. நேற்று முழுக்க ஒரு தடவைகூட இல்லை. அதனால் அதை இனிக் கேட்காதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் அனைவரும் நலமுடன் இருக்க விரும்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். எல்லா விஷயங்களும் அறிந்து மிகவும் மகிழ்ச்சி. இந்த முறை புள்ளிகள் மெதுவாக, அழகாக இருந்தன. அச்சகத்தில் வேலை அதிகம், எனவே சுருக்கமாக முடிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 10

மைனாவுக்கு,

அணையில் வேலை பார்க்கும் தம்பி எழுதுகிறேன். உங்களை அக்கா இப்படித்தான் சொல்வாள், எனக்கும் அதுவே பழகிவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இதைப் பேனாவால் எழுதி உங்கள் பெயருக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது.

மார்ச் இருபதாம் தேதி மாலை அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தாள். எழுதி முடித்து மேஜையில் வைத்தேன். பக்கத்திலேயே எழுதாத தாள்களும் இருந்தன. பிரெயில் எழுதினதும் எழுதாததும் நம்மைப் போலக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஒரே வெள்ளை. தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்தால் புள்ளிக்கு நிழல்கூட விழாது. அந்த நேரம் பார்த்து அணையின் அபாயச் சங்கைச் சோதிக்க ஊதினார்கள், ஊதினால் நான் என் இடத்தில் போய் நிற்க வேண்டும். எழுந்து ஓடும் அவசரத்தில் கையில் கிடைத்த மூன்று தாளை உறையில் போட்டு ஒட்டித் தபால் வண்டியில் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து மேஜையைத் துடைக்கும்போது கையில் நெருடியது. நான் எழுதின கடிதம் இங்கேயே இருக்கிறது. அக்காவுக்குப் போனது மூன்று வெற்றுத் தாள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். இதற்கு ஒரு வருஷத்துக்குத் திட்டு வாங்க வேண்டியிருக்குமே என்று என் மனைவியிடம் சொன்னேன். அக்காவின் திட்டுக்காகவே மறுபடி எழுதாமல் காத்திருந்தேன்.

நேற்று பதில் வந்தது. படித்தாளாம். புள்ளி அழகாக இருந்ததாம். எல்லா விஷயமும் அறிந்து மிகவும் மகிழ்ச்சியாம். அந்தக் கடிதத்தில் இருந்த விஷயம், நான் நடைவழிப் படியில் வழுக்கி விழுந்து முட்டியில் நான்கு தையல் போட்டது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி படித்தேன். வெற்றுத் தாளையும் எழுதின தாளையும் பிரித்துத் தெரிந்துகொள்ள முடியாத நிலையிலா என் அக்கா இருக்கிறாள்? அவளிடம் கேட்டால் 'நலம்' என்பாள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். அங்கே என்ன நடக்கிறது? இதை அவளுக்குப் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்பதையும் உங்கள் இஷ்டத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அவளுடைய தம்பி


ஏப்ரல் 16

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

மைனா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாயிற்றா? எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் வழுக்கி, சரி, அது இப்போது வேண்டாம்.

அக்கா கடைசியாக வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முந்தின நாள் நான் படிக்கப் படிக்க, "சரி, சரி, அடுத்தது" என்று அக்கா பதினோரு பக்கத்துக்கு மடமடவென்று சரி போட்டார்கள். எப்போதும் ஒரு பக்கத்துக்கு மூன்று இடத்திலாவது என்னை நிறுத்துவார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. மறுநாள் காலையில் வந்ததும் நேரே மேலாளரிடம் போய், "நேத்து நான் சரி போட்ட பதினோரு பக்கத்தையும் திருப்பிக் குடுங்க. நான் அதைத் தொடவே இல்ல, இவ குரலைக் கேட்டு சரி போட்டேன்" என்றார்கள். கூடவே ராஜினாமாக் கடிதம். மேலாளர் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார், கையெழுத்துப் போடவில்லை. போகட்டும் என்று விட்டுவிட அவருக்கும் மனசு வரவில்லை.

நான் தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகிறேன். மேஜையில் புத்தகம் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். ரேடியோ மட்டும் பாடுகிறது. உங்கள் உறையை நான் பார்த்தேன். "படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டதற்கு, "நான் படிச்சுட்டேன்" என்று அதட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள்.

உங்கள் கடிதம் இன்று வந்தது. யோசித்துப் பார்க்கிற ஆள் நான் இல்லை, நேரே போய்ப் படித்துவிட்டேன். 'வெற்றுத் தாள்' என்ற இடம் வந்ததும் அக்கா கையை உயர்த்தினார்கள்.

"என்ன சொன்ன?"

"அக்காவுக்குப் போனது மூன்று வெற்றுத் தாள்னு எழுதியிருக்காருக்கா."

"மறுபடி படி."

மூன்று தடவை படித்தேன். முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணா. அழுகிற முகம் இல்லை. அப்புறம் அலமாரியிலிருந்து உறையை எடுத்து என் கையில் கொடுத்து, "உன் கண்ணால பாரு, ஏதாவது இருக்கா?" என்றார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். "ஒண்ணுமே இல்லக்கா" என்றேன். "நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். ரேடியோவை நிறுத்தும் சத்தம் கேட்டது.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மைனா


ஏப்ரல் 18

தம்பி,

நலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முட்டி எப்படி இருக்கிறது என்று முதலில் சொல். அதை அறிந்து மகிழ்ந்ததற்கு மன்னித்துக்கொள்.

இதை இரண்டு நாளாக விட்டு விட்டு அடிக்கிறேன். பிரெயில் எழுத்துப்பொறியில் ஆறே ஆறு விசைதான், ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனக்கிறது. ஆனாலும் மைனா கையால் எழுதச் சொல்ல மனம் வரவில்லை. இது நான் சொல்ல வேண்டியது.

ஜனவரியிலேயே என் விரல் போய்க்கொண்டிருந்தது. அச்சகத்துப் புள்ளிகள் மேல் யாரோ துணி போட்டு மூடின மாதிரி இருக்கும். நடுவிரலை வைத்து ஒப்பேற்றினேன். உன் ஓட்டைகளைத் திட்டினேன் அல்லவா? அந்த நாட்களில் நான் தடங்கலில்லாமல் படித்தது உன் முரட்டுக் கடிதங்கள் மட்டும்தான். ஒவ்வொரு ஓட்டையையும் தொட்டுத் தொட்டுச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் தாங்காமல்தான் திட்டினேன். திட்டாமல் விட்டால் உனக்குச் சந்தேகம் வருமே என்பதும் உண்டு.

நீயும் நல்ல பிள்ளையாக 'பூப்போல வைக்கிறேன்' என்று எழுதிவிட்டாய். அடுத்த உறை வந்தது. பிரித்துத் தொட்டேன். ஒன்றுமில்லை. கையைச் சுடுநீரில் வைத்துவிட்டு வந்து தொட்டேன். ஒன்றுமில்லை. பத்து விரலாலும் தொட்டேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தம்பி மெதுவாக எழுதியிருக்கிறான், என்னால் எடுக்க முடியவில்லை, முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். எழுதாமல் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. நீ எனக்கு வெற்றுத் தாள் அனுப்புவாய் என்று எந்தப் பைத்தியக்காரி நினைப்பாள்? என் தம்பியைச் சந்தேகப்படவில்லை, என் விரலைச் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் அந்தப் பதினோரு பக்கம். தொடப் பயந்தேன் தம்பி. தொட்டு, இதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் தாளுக்கு ஓர் அங்குலம் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு சரி, சரி என்றேன். அந்த ஏழு ஆரஞ்சுக் குழந்தை வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் காலையில் போய்த் திருப்பிக் கேட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் எழுத்து இருக்கும் எதையும் நான் தொடவில்லை. உனக்கு அனுப்பின பதிலைக்கூட அடித்தேன், சரிபார்க்கவில்லை.

மைனா படித்தாள். வெற்றுத் தாள். எனக்கு விளங்க நேரமாயிற்று. பத்து விரலும் 'ஒன்றுமில்லை' என்று சொன்னது. ஒன்றுமில்லை என்பதுதானே உண்மை! அந்த விரல்கள் சரியாகப் படித்திருக்கின்றன. பிழை பார்க்கிற நான்தான் அவற்றின் பேச்சை நம்பவில்லை.

அவளை அனுப்பிவிட்டு உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தேன். இரண்டு உறையிலும் இருந்த தாள்களை மடியில் போட்டுச் சீட்டுக் கட்டு மாதிரி கலைத்தேன். இது வெற்று. இது எழுத்து. இது எழுத்து. பத்துத் தடவை கலைத்தேன், எட்டுத் தடவை சரி. எழுத்து எழுத்தாகப் படிக்க முடியவில்லை, மூடுபனிதான். ஆனால் அந்தப் பனிக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறது. யாரோ இருக்கிறார்கள் தம்பி. தரையிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் படியேறி வந்து, "என்னக்கா, ரேடியோவா?" என்று கேட்டார்கள்.

வராத அந்தக் கடிதத்தை அனுப்பு. உன் முட்டியைப் பற்றி நானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்தி எழுது.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

நலமா என்று இனி உன்னைக் கேட்கப்போவதில்லை. இன்று எப்படி என்று கேட்கிறேன். முட்டி ஆறிவிட்டது, மடக்கினால் மட்டும் ஒரு சத்தம் வருகிறது. அதை வைத்து என் வீட்டுக்காரி நான் வருவதைத் தெரிந்துகொள்கிறாள்.

பழைய மூன்று தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அது பூப்போல எழுதினது, உன்னால் முடியாவிட்டால் விட்டுவிடு. கீழே அதையே மறுபடி அழுத்தி எழுதியிருக்கிறேன். ஒரு தாள் கிழிந்தேவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கிப் போனேன். யாருமில்லாத இடம் அது, அழுதால் கேட்காது. என் அவசரப் புத்தியால் உன் வேலையையே பறித்திருப்பேன். பாறை மாதிரி எழுதும்போது திட்டு வாங்கினேன், ஒன்றும் எழுதாமல் அனுப்பி உன்னைச் சுவரோடு உட்காரவைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு என் விரலால் உன் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன் அக்கா. எனக்கு மரப்பும் இல்லை, வலியும் இல்லை. மணல்தான் தெரிந்தது. பிரெயில் தெரிந்த எனக்கே ஒரு வார்த்தை வரவில்லை. இந்த மணலில் நீ ஆயிரம் புத்தகம் படித்திருக்கிறாய். மூடுபனியாகப் போன பிறகும் பத்தில் எட்டு சொல்கிறாய். சின்ன வயதில் கரண்ட் போனபோது வாயைப் பிளந்தேனே, இப்போதும் அப்படியே நின்றேன்.

ஏழாம் எண் வடிகாலை இன்றும் அளந்தேன். நேற்றைய அளவேதான். எங்கிருந்து என்று இன்றும் தெரியவில்லை.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

இன்று எப்படி என்று கேட்டாய். இன்று தோள்பட்டையில் குடியிருக்கிறது. இடது ஆள்காட்டி விரல் காலையில் எழவில்லை, பதினோரு மணிக்கு வந்தது.

முட்டிக் கடிதத்தை நானே படித்தேன். ஆறு நாள் ஆயிற்று. வழுக்கினதற்குக் காரணம் புதுச் செருப்பு என்பதை எழுதாமல் மறைத்திருக்கிறாய், உன் வீட்டுக்காரி போனில் சொல்லிவிட்டாள்.

புதிதாக ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசு, குரலிலேயே தெரிகிறது. எல்லா நார்மல்களையும் பொறுமையாகப் படித்தார். முக்கால் மணி நேரம் என்னைப் பேசவிட்டார். கடைசியில், "எனக்குத் தெரியலம்மா. உங்களுக்கு இருக்குறது நிஜம். அது என்னன்னு எனக்குத் தெரியல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, அளந்து பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் தம்பி. பயந்துபோயிருப்பார். தெரியவில்லை என்ற வார்த்தைக்கு இவ்வளவு தெம்பு உண்டு என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. உங்கள் ஏழாம் எண்ணைப் பற்றி அவரிடம் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார்.

அச்சகத்தில் அரை நாள் வேலை. மேலாளர் ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்து, "இதுல ரெண்டு இடத்துல பிழை இருக்கு, சரி பண்ணிக் கொண்டாங்க" என்றார். பெரிய கிண்டல்காரர். கணக்குப் புத்தகம் முடிந்தது. அந்தப் பதினோரு பக்கத்தையும் மறுபடி பார்த்தேன், நான்கு ஏழான இடம் ஒன்று நிஜமாகவே இருந்தது. பிடித்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க வலி தெரியவில்லை என்று எழுத ஆசை. தெரிந்தது, ஆனால் பொறுத்துக்கொண்டேன்.

எப்படிப் படிக்கிறேன் என்று கேள். நல்ல நாளில் பழைய விரல், பாதி வேகம். கெட்ட நாளில் இடது சுண்டு விரல். இத்தனை வருஷம் சும்மா கூடவே வந்துகொண்டிருந்த விரல், இப்போது ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன், அழுது அழுது படிக்கிறது. எந்த விரலும் வராத நாளும் உண்டு. அப்படி ஒரு நாள் கோபத்தில் தாளை முகத்தில் அப்பிக்கொண்டேன். கீழ் உதட்டில் ஓர் எழுத்து வந்து நின்றது. தெளிவாக, முழுசாக. அடுத்த எழுத்து. அடுத்தது. பிறந்ததிலிருந்து என் முகத்திலேயே இருந்திருக்கிறது, ஒரு நாளும் சொல்லவில்லை பார். மைனா உள்ளே வந்தவள், "அக்கா, பேப்பரையா சாப்பிடறீங்க?" என்று அலறினாள். "ஒரு வாக்கியம் சாப்பிட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

இது குணமாகுமா, கூடுமா, இப்படியே நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அதனால் எனக்கும் ஓர் அளவு வேண்டும். இனி உன் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வெற்றுத் தாள் வை. எத்தனையாவது என்று சொல்லாதே. அதை நான் கண்டுபிடித்து எழுதுகிறவரை நான் இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்.

மற்ற தாள்களில் வழக்கம்போல ஓட்டை போடு.

அக்கா


ஜூலை 8

தம்பிக்கு,

அணைக்கும் அவளுக்கும் உன் முட்டிக்கும் என் விசாரிப்பு.

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து தாள். கம்பி இந்த மழையில் நான்கரை மில்லிமீட்டர் நகர்ந்ததைப் படித்தேன். நீ புதுச் செருப்பைத் தூக்கிப் போட்டதைப் படித்தேன். இரண்டு தாளுக்கு ஆள்காட்டி விரல் வந்தது, அதன் பிறகு தூங்கிவிட்டது, மிச்சத்தை உதட்டால் முடித்தேன்.

மூன்றாம் தாளில் நீ ஒன்றுமே எழுதவில்லை. அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

அக்கா